‘கிடைத்த இடம்’: உள்ளூர் வரலாற்றுப் பாடத்துக்கு மாவட்ட அருங்காட்சியகம் எப்படி உதவும்?

இரண்டு பேருந்துகளில் 110 மாணவர்கள் வந்து இறங்குகிறார்கள். வரிசை கலையக் கூடாது, எதையும் தொடக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள். அடுத்த முக்கால் மணி நேரத்தில் கற்சிற்பம், செப்புத்திருமேனி, பழைய நாணயம், பாடம் செய்த பறவை, பனையோலைச் சுவடி எல்லாம் கண்முன்னே ஓடி முடிகின்றன. கணக்குப் போட்டால் எட்டுக் கூடத்துக்கு 45 நிமிடம். கூடத்துக்கு ஐந்தரை நிமிடம். ஒரு மீட்டர் அகலக் காட்சிப் பெட்டியைச் சுற்றி ஆறேழு பேர்தான் நின்று பார்க்க முடியும். மற்றவர்கள் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்க்கிறார்கள். நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தவர்கள் பெயர்ப்பலகையில் இருப்பதை அவசர அவசரமாக எழுதிக்கொள்கிறார்கள். திரும்பியதும் ‘நான் கண்ட அருங்காட்சியகம்’ என்று ஒரு கட்டுரை. அதோடு சரி.

இப்படிப் போவதில் தவறில்லை; பிள்ளைகளுக்கு அது ஒரு நல்ல நாள். ஆனால் அதை வரலாற்றுப் பாடம் என்று கணக்கில் எழுதுவதுதான் சிக்கல். உள்ளூர் வரலாற்றைக் கற்பிக்க அருங்காட்சியகத்திடம் இருக்கும் பெரிய சொத்து காட்சிக் கூடத்தில் இல்லை. அது அலுவலக பீரோவில் இருக்கும் அரும்பொருள் பதிவேட்டில், ‘கிடைத்த இடம்’ என்று தலைப்பிட்ட ஒரு கட்டத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு பொருளும் அருங்காட்சியகத்துக்குள் வரும்போது அதற்கு ஒரு பதிவு எண் விழும். பெயர், என்னவால் ஆனது, அளவு, எப்படி வந்தது, எந்தத் தேதியில் வந்தது, எங்கே கிடைத்தது என்று வரிசையாக எழுதப்படும். எப்படி வந்தது என்பதிலேயே பாதி வரலாறு இருக்கிறது. வாங்கியதா, யாரோ கொடுத்ததா, அகழாய்வில் வந்ததா, இல்லை புதையலாகக் கிடைத்து வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வந்ததா? 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்கடியில் மறைந்து கிடந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதும் கோயில் திருப்பணியின்போதும் அகப்பட்ட செப்புத்திருமேனிகள் பல இந்த வழியாகத்தான் அரசு அருங்காட்சியகங்களுக்கு வந்தன. அதனால்தான் அவற்றைக் கிடைத்த ஊர்ப் பெயரைச் சேர்த்தே அழைக்கிறோம்: திருவாலங்காட்டு நடராசர், திருவெண்காட்டு ரிஷபவாகனர்.

ரிஷபவாகனரையே எடுத்துக்கொள்வோம். காளையின் மேல் கை சாய்த்து நிற்கும் சிவன்; கி.பி. 1011 காலத்துத் திருமேனி. காளை இல்லை, அது இருந்த இடத்தில் சாய்ந்து நிற்கும் கை மட்டும் இருக்கிறது. இன்று தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கிறது. உலகம் முழுக்கக் கலை நூல்களில் அதன் படம் உண்டு. திருவெண்காட்டுப் பள்ளியின் ஆறாம் வகுப்பறைச் சுவரில் அந்தப் படம் ஒன்று தொங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஆதிச்சநல்லூர் இதைவிடத் தொலைவு. 1876-ல் ஜெர்மானியரான யாகோர் அங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. பின்னர் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. ஆதிச்சநல்லூர் இருக்கும் ஸ்ரீவைகுண்டம் வட்டத்துப் பிள்ளை, ரீ எடுத்த பொன் நெற்றிப் பட்டத்தைப் பார்க்க 600 கிலோமீட்டர் போக வேண்டும். பல்லாவரத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பழைய கற்காலக் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார்; இந்தியத் தொல்லியலில் அது பெரிய நாள். அவருடைய சேகரிப்பை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. பல்லாவரத்துக்கும் எழும்பூருக்கும் மின்சார ரயில் ஓடுகிறது. அந்த இணைப்பைப் பாடமாக்கிய பள்ளிகள் எத்தனை என்பதுதான் கேள்வி.

ஆகவே முதல் வேலை அருங்காட்சியகப் பொறுப்பாளரான காப்பாட்சியருடையது: பதிவேட்டை வட்டவாரியாகப் பிரித்துப் பட்டியல் போடுவது. வட்டம், வருவாய்க் கிராமம், பொருள், பதிவு எண், காட்சியில் இருக்கிறதா இருப்பறையில் இருக்கிறதா என்று ஐந்தே கட்டம். ஒரு எக்செல் தாள் போதும். பழைய பதிவுகளில் ஊர்ப் பெயர் ஆங்கில எழுத்துக் கோணலில் இருக்கும். மாவட்டம் பிரிந்து பெயர் மாறியிருக்கும். வருவாய்த் துறையின் இன்றைய கிராமப் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். ‘வாங்கியது, இடம் தெரியவில்லை’ என்று இருப்பவற்றை ஊகத்தில் ஏதோ ஓர் ஊரில் சேர்த்துவிடக் கூடாது. அவற்றுக்கு வேறு பயன் இருக்கிறது, பின்னால் வருகிறது. பட்டியல் முடிந்தால், ஒரு பள்ளி வருகைக்குத் தேதி கேட்டு எழுதும் நாளிலேயே “உங்கள் ஊரைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் கிடைத்த நான்கு பொருள்கள் எங்களிடம் உள்ளன” என்று பதில் போட முடியும். அந்தப் பதில் வந்த பள்ளி வேறு மாதிரி வரும்.

ஒரு காசு, ஒரு பாடவேளை

புதுக்கோட்டை நல்ல எடுத்துக்காட்டு. 1910-ல் சமஸ்தானக் காலத்தில் தொடங்கிய அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. சுற்றிலும் சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர், திருமயம் என்று ஒரு மாவட்டத்துக்கே அதிகமான செல்வம். இவற்றை எல்லாம் ஒரே நாளில் காட்ட ஆசைப்படாமல், சமஸ்தானத்தில் புழங்கிய, கட்டைவிரல் நகத்தளவு இருக்கும் அம்மன் காசு ஒன்றை எடுத்து வைத்தால் 40 நிமிடப் பாடவேளை போதாது.

செப்புக் காசு. ஒரு பக்கம் அமர்ந்த நிலையில் திருக்கோகர்ணத்து அம்மன் பிரகதாம்பாள். மறுபக்கம் எழுத்து. முதலில் மாணவர்களிடம் காலம், பெயர் எதுவும் சொல்லக் கூடாது. உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்து, தெரிவதை வரையச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: இது என்ன எழுத்து? தமிழ் இல்லையே? இல்லை; தெலுங்கில் ‘விஜய’ என்று இருக்கிறது. தமிழ் பேசும் ஊரில் அம்மன் பெயரில் அடித்த காசில் ஏன் தெலுங்கு எழுத்து? இந்த ஒரு கேள்வியிலிருந்து விசயநகரம், நாயக்கர், அவர்கள் காலத்து அலுவல் வழக்கம், புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் ஆட்சி வரை போகலாம். ஏழாம் வகுப்புப் பாடத்தில் வெறும் பெயராக வந்து போகும் விசயநகரம் இங்கே கைக்குள் இருக்கிறது.

அடுத்து கணக்கு. 20 அம்மன் காசு ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். அப்படியானால் ரூபாய்க்கு எத்தனை? 320. இவ்வளவு சிறிய மதிப்பில் காசு ஏன் தேவைப்பட்டது, அதை வைத்து என்ன வாங்கியிருப்பார்கள் என்று கேட்டால் அன்றைய சந்தை வகுப்பறைக்குள் வரும். நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசையும் வைத்துக் கொடுக்கும் வழக்கம் சமஸ்தானத்தில் இருந்தது. வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று: “உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அம்மன் காசு என்று சொல்லிப் பாருங்கள், என்ன சொல்கிறார்கள் என்று எழுதி வாருங்கள்.” பூசையறைக் கிண்ணத்திலிருந்து ஒன்றிரண்டு வந்தாலும் வரும். வந்தால் பார்த்துவிட்டு அன்றே திருப்பி அனுப்ப வேண்டும். பள்ளியில் வாங்கி வைத்துக்கொள்வது வம்பு.

1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது; 1974 ஜனவரியில் தனி மாவட்டம் ஆனது. காசு எப்போது செல்லாமல் போனது என்று யோசிக்கும்போது இந்தத் தேதிகள் மனப்பாடம் செய்யாமலே பதியும்.

இப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பொருள் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் என்றால், பூசலில் இறந்த வீரனுக்கு நட்ட நடுகல். வீரன் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறான், கையில் என்ன, உடம்பில் அம்பு எங்கே, பின்னால் மாடு நிற்கிறதா என்று பார்த்தாலே ஆநிரை கவர்தலும் மீட்டலும் விளங்கிவிடும். செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது. கள்வர்களைக் கடித்துக் காத்து நின்ற அதன் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நாய்க்குப் பெயர் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, பல்லவர் பாடத்தை அதன் பிறகு வேறு கண்ணோடு படிக்கும்.

பெட்டியில் என்ன வைப்பது

எல்லாப் பள்ளிகளும் அருங்காட்சியகத்துக்கு வர முடியாது. பேருந்து வாடகை ஒரு காரணம். அனுமதி, பாதுகாப்பு என்ற கவலையில் தலைமையாசிரியர்கள் தயங்குவது இன்னொரு காரணம். மும்பையின் சத்திரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம் 2015 முதல் பேருந்தையே நடமாடும் அருங்காட்சியகமாக்கி ஊர் ஊராக அனுப்புகிறது. அந்த வசதி மாவட்ட அருங்காட்சியகத்துக்கு வாய்ப்பது கடினம். ஆனால் ஓர் இரவல் பெட்டியைத் தயாரிக்க யாராலும் முடியும்.

பெட்டி, ஆசிரியர் ஒருவர் நகரப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுபோகும் அளவில் இருக்க வேண்டும்: ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 20 உயரம், எடை எட்டுக் கிலோவுக்குள். உள்ளே தடித்த ஃபோம் தட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் வடிவத்திலேயே குழி வெட்ட வேண்டும். உடையாமல் இருக்க மட்டும் அல்ல. ஒரு குழி காலியாக இருந்தால் எது குறைகிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பட்டியல் வைத்துச் சரிபார்க்கச் சொன்னால் யாரும் செய்வதில்லை.

உள்ளடக்கம்: பானை ஓடு 12, நாணய நகல் 3, கல்வெட்டு மைப்படியின் (தாள் ஒட்டி மை ஒற்றி எடுத்த எழுத்துப் படி) முழு அளவு நகல் ஒன்று, பொருள்களின் ஏ4 அளவுப் படங்கள் 10 லேமினேட் செய்து, கிடைத்த இடங்களைக் குறித்த வட்ட வரைபடம் ஒன்று, உருப்பெருக்கிக் கண்ணாடி 5, ஆசிரியருக்கான குறிப்பு நான்கு பக்கம். நான்கு பக்கத்துக்கு மேல் போனால் படிக்க மாட்டார்கள். பதிவு எண் விழுந்த எந்த அசலும் பெட்டிக்குள் போகக் கூடாது. இது கறாரான விதி. ‘இடம் தெரியவில்லை’ என்று ஒதுங்கிக் கிடக்கும் ஓடுகளில் பதிவு எண் பெறாதவை இங்கேதான் பயன்படுகின்றன. ஆய்வுக்கு அவற்றால் பயன் குறைவு. பிள்ளைகளின் விரல்களுக்கு நிறையப் பயன்.

ஓடுகளை வைத்து என்ன செய்வது? கருப்பு-சிவப்பு மட்கல ஓடு ஒன்றைக் கொடுத்து, உள்ளே கருப்பு வெளியே சிவப்பு எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். சாயம் பூசினார்கள் என்பார்கள். உடைந்த விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள்: நிறம் மேலே பூசியதாக இல்லை, மண்ணுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்றுப் புகாமல் கருக்கிறது. வெளியே காற்றுப் பட்ட மண்ணில் இரும்புச் சத்து சிவக்கிறது. வேதியியல் ஆசிரியரையும் இந்த இடத்தில் கூப்பிடலாம். உள்ளூரில் குயவர் இருந்தால் அவரை வகுப்புக்கு அழைப்பது எல்லா விளக்கத்தையும் விட நல்லது. வந்து போகும் நாளுக்கான கூலியைக் கொடுத்து அழைக்க வேண்டும்.

கீறல் எழுத்துக்கும் இதே முறைதான். கீழடியில் நான்காம் கட்ட அகழாய்வில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துள்ள ஓடுகள் 56 கிடைத்தன. ‘ஆதன்’, ‘குவிரன்’ போன்ற பெயர்கள் அவற்றில் உள்ளன. உடைந்த மண்சட்டி ஓடுகளில் தங்கள் பெயரை ஆணியால் தமிழியில் கீறச் சொன்னால் வகுப்பே சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். இரண்டு வகையாகச் செய்ய வேண்டும். பாதிப் பேர் சுட்ட ஓட்டில் கீறட்டும். பாதிப் பேர் ஈரக் களிமண் வில்லையில் கீறிக் காய வைக்கட்டும். மறுநாள் இரண்டையும் பக்கத்தில் வைத்தால், ஈரமண்ணில் கீறியதில் கோட்டின் இருபுறமும் மண் ஒதுங்கி மேடாக நிற்கும். சுட்டதில் ஓரம் பொரிந்து வெளிறித் தெரியும். குயவர் எழுதினாரா, பானையை வாங்கியவர் எழுதினாரா என்று ஆய்வாளர்கள் யோசிப்பது எந்த அடையாளத்தை வைத்து என்பது அப்போது புரியும். ழ, ள, ற, ன ஆகிய நான்கும் வடக்குப் பிராமியில் இல்லாமல் தமிழுக்கென்று வந்த எழுத்துகள் என்பதையும், பெயரில் ‘ழ’ உள்ள பிள்ளைகளை வைத்தே சொல்லிவிடலாம்.

பெட்டித் திட்டங்கள் படுத்துவிடுவதற்குக் காரணம் உடைப்போ திருட்டோ அல்ல. பெட்டி தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டப்பட்டு, இரண்டு வாரம் கழித்துத் திறக்காமலே திரும்பி வருவதுதான். தொலைந்தால் யார் பொறுப்பு என்ற பயம். இரவல் படிவத்தின் முதல் வரியிலேயே “பயன்படுத்தும்போது உடையும் ஓடு, நகல் எதற்கும் பள்ளி பொறுப்பல்ல, மாற்றுப் பொருள் எங்களிடம் உண்டு” என்று எழுதிக் காப்பாட்சியர் கையெழுத்துப் போட்டால் பூட்டு திறக்கும். உண்மையிலேயே மாற்று ஓடு 20 கையிருப்பில் இருக்க வேண்டும். திரும்பி வரும் பெட்டியில் சில ஓடுகள் உடைந்திருப்பது நல்ல அறிகுறி.

வருகிறவர்களுக்கு

தமிழ்நாட்டின் பெரும்பாலான அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இதைத் தெரியாமல் வெள்ளியன்று வண்டி ஏற்றிவிடுவது வழக்கமாக நடக்கும் விபத்து. தொல்லியல் துறையின் இடங்களுக்கு விடுமுறை நாள் வேறு. கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். சனி, ஞாயிறைவிடச் செவ்வாய், புதன் கூட்டமில்லாத நாள்கள்.

60 பேர் வந்தால் 15 பேராக நான்கு குழு. நான்கு நிலையம், நிலையத்துக்கு ஒரு பொருள், 12 நிமிடம், மணி அடித்தால் மாறுவது. நகரும் நேரத்தோடு ஒரு மணி. அதன் பிறகு அரை மணி நேரம் விருப்பப்படி சுற்றிப் பார்க்க விட வேண்டும். பாடம் செய்த புலியைப் பார்க்காமல் எந்தப் பிள்ளையும் திருப்தியாகப் போகாது. நான்கு நிலையத்துக்கும் ஆள் வேண்டும். ஆனால் மாவட்ட அருங்காட்சியகத்தில் காப்பாட்சியரோடு சேர்த்து விளக்கம் சொல்லத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான். ஆகவே ஆசிரியர்களே நிலையத்தை நடத்த வேண்டும். அதற்கு அவர்கள் ஒரு வாரம் முன்னால் தனியாக ஒரு தடவை வந்து அந்த நான்கு பொருளையும் பார்த்திருக்க வேண்டும். இந்த முன்வருகையைத் தவிர்த்தால் மற்ற ஏற்பாடுகள் அனைத்தும் வீண். அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் ஒன்றை ஆண்டுக்கு ஒருமுறை அருங்காட்சியகத்திலேயே நடத்தினால் 25, 30 ஆசிரியர்களுக்கு ஒரே நாளில் இது முடிந்துவிடும்.

வேலைத்தாளில் ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். “இந்தச் சிற்பத்தின் காலம் என்ன?” என்ற கேள்விக்குப் பதில் பெயர்ப்பலகையில் இருக்கிறது, பிள்ளை சிற்பத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. “இந்தப் பாத்திரத்தை எங்கே பிடித்துத் தூக்கியிருப்பார்கள்? அந்த இடத்தை மட்டும் வரைக.” “எந்தப் பகுதி அதிகம் தேய்ந்திருக்கிறது?” “கிடைத்த ஊரிலிருந்து உங்கள் வீடு எவ்வளவு தூரம்?” இவற்றுக்குப் பலகை உதவாது. கடைசிக் கேள்விக்குத் தாளின் பின்பக்கம் வட்ட வரைபடம் அச்சடித்திருக்க வேண்டும். குடிதண்ணீர், கழிப்பறை, மதியச் சாப்பாட்டுக்கு நிழல் ஆகிய மூன்றையும் எழுத்திலேயே உறுதி செய்துகொள்வது பாடத்திட்டத்தைவிட முக்கியம். பெண் பிள்ளைகள் அதிகம் வரும் நாளில் இது தானாகவே தெரியவரும்.

மைப்படி எடுக்கும் பயிற்சியை மாணவர்கள் மறக்கவே மாட்டார்கள். கல்லைத் தூரிகையும் தண்ணீரும் கொண்டு சுத்தம் செய்து, நனைத்த தாளைப் பரப்பி, விறைப்பான தூரிகையால் எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்படி தட்ட வேண்டும். தாள் அரைகுறையாகக் காய்ந்ததும் மை ஒற்றியால் மெல்ல ஒற்ற வேண்டும். மேடு கருக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். ஈரம் அதிகமானால் தாள் கிழியும். காய்ந்துவிட்டால் கல்லைவிட்டு எழும்பும். மை அதிகமானால் எழுத்து அடைபட்டுப் போகும். பத்துப் பேரில் ஏழு பேர் மையைத்தான் அதிகமாக வைப்பார்கள். இதையெல்லாம் அசல் கல்வெட்டில் பழகவே கூடாது. கல்தச்சர் ஒருவரிடம் இரண்டடிக்கு ஓரடிக் கருங்கல் பலகையில் நான்கு வரி வெட்டித் தரச் சொல்லி, அதில்தான் பயிற்சி. எழுத்தைப் படிக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் கோயில் சுவர்க் கல்வெட்டில் சுண்ணாம்பும் மாவும் எண்ணெயும் தேய்ப்பதை ஊரெங்கும் பார்க்கலாம். அதற்கு மாற்று எளிது: அந்தி நேரத்தில் டார்ச் விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துக் கைபேசியில் படம் எடுப்பது. கல்லைத் தொட வேண்டியதே இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றம், பள்ளி மாணவர்கள் கல்வெட்டு படிக்கப் பழக முடியும் என்று காட்டியிருக்கிறது.

எங்கே சறுக்கும்

ஆர்வம் வந்த பிள்ளைகள் அடுத்த திங்கட்கிழமை பை நிறைய ஓடு பொறுக்கிக்கொண்டு வருவார்கள். பாராட்டவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும். எந்த வயலில், எந்த மேட்டில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தி இல்லாத ஓடு வெறும் ஓடு. இடத்திலேயே விட்டுவிட்டு, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, கைபேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டு வருவதுதான் முறை. மழை பெய்து முடிந்த மறுவாரம் மேற்பரப்பில் பொருள்கள் அதிகம் தெரியும். அப்போது ஒரு நடை போகலாம். தோண்டக் கூடாது, ஒரு சாண் கூட. உலோகமோ சிலையோ தட்டுப்பட்டால் கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்லிவிட வேண்டும். இதை அருங்காட்சியகம் முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும்; பிறகு சொன்னால் பிள்ளைகளைத் திட்டியதாக ஆகிவிடும்.

அடுத்தது காலக் கணக்கு. கீழடி பெற்ற புகழுக்குப் பிறகு, எந்த ஊரில் கருப்பு-சிவப்பு ஓடு கிடைத்தாலும் 2600 ஆண்டு என்று சொல்லிவிடுகிறார்கள். கீழடியில் கி.மு. 580 என்ற காலம், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு கரி மாதிரிக்குக் கிடைத்தது. அது அந்த மண்ணடுக்குக்குரியது. அதே குழியில் மேலே கிடைத்தவை பிந்தியவை, வேறு ஊரில் கிடைத்தவற்றுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. கருப்பு-சிவப்பு மட்கலம் பல நூற்றாண்டுகள் புழக்கத்தில் இருந்தது. அடுக்கைக் காட்ட விலையுயர்ந்த மாதிரி தேவையில்லை: ஒரு கண்ணாடித் தொட்டியில் செம்மண், மணல், கரிசல், சாம்பல் என்று நான்கு அடுக்குப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளைப் புதைத்து வைத்தால் போதும். மேலே பேனா மூடி, கீழே சோழி. பிள்ளைகள் தாங்களே வரிசை சொல்வார்கள்.

மூன்றாவதைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம். உள்ளூர் வரலாறு என்று தொடங்கியதும் சாதிப் பெருமை வாசலில் வந்து நிற்கும். நடுகல் யாருடையது, செப்பேட்டில் வரும் பெயர் எந்தச் சமூகம், ஊரை ஆண்டவர் யார் என்று பெரியவர்கள் கேட்பார்கள். சில சமயம் ஆசிரியரே கேட்பார். அருங்காட்சியகத்தின் பலம் இங்கே அதன் வறட்டுத்தனம்தான். கல்லில் என்ன இருக்கிறதோ அதை வரிக்கு வரி அப்படியே கொடுத்து, இதில் இல்லாததை நாம் சொல்ல முடியாது என்று நிறுத்திக்கொள்ளலாம். வகுப்பில் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ‘கல் சொல்வது’, ‘ஊர் சொல்வது’ என்று தலைப்பிட்டு எழுதினால் சண்டை வராது. இரண்டாவது பத்தியும் வரலாறுதான். வேறு வகை வரலாறு.

பாடப் புத்தகத்தோடு தொடர்பில்லாத எதையும் இரண்டாம் பருவத்துக்குப் பிறகு ஆசிரியர் தொட மாட்டார். இதைக் குறையாகச் சொல்வதில் பயனில்லை. அவருக்குத் தேர்வு இருக்கிறது. ஆறாம் வகுப்பு ‘வரலாறு என்றால் என்ன?’ பாடத்தோடு பானை ஓடு, கல்லாயுதம், பல்லவர் பாடத்தோடு நடுகல், விசயநகரத்தோடு காசு என்று அருங்காட்சியகமே முடிச்சுப் போட்டு, ஜூன் மாதத்தில் ஒரே தாளில் அனுப்பிவிட வேண்டும். காப்பாட்சியர் மாறுதலாகிப் போனாலும் அந்தத் தாள் கோப்பில் இருக்கும்.

பள்ளியிலிருந்து அருங்காட்சியகத்துக்கும் ஒன்று திரும்பி வர வேண்டும். வகுப்பறை மூலையில் ஒரு பெஞ்சு, அதன்மேல் வீடுகளிலிருந்து ஒரு மாத இரவலாக வந்த பத்துப் பொருள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை: பெயர், யாருடையது, எதற்குப் பயன்பட்டது, எப்போது பயன்பாட்டிலிருந்து நின்றது. முக்கியமான கட்டம் கடைசியானது; அதைப் பாட்டி தாத்தாவிடம்தான் கேட்க முடியும். அளவைப் பாத்திரங்களோடு தொடங்குவது எளிது, இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். அரிசியைக் கொட்டி அளந்து, அதையே லிட்டர் குவளையில் மாற்றி அளக்கச் சொல்லுங்கள். இரண்டு பிள்ளைகள் கொண்டுவந்த இரண்டு படியும் ஒரே அளவு காட்டாது. ஒன்று அம்மா பிறந்த ஊரிலிருந்து சீராக வந்தது என்று மெதுவாகத் தெரியவரும். எந்த ஊர்ப் படி எத்தனை மில்லிலிட்டர் என்று அட்டையில் எழுதி, அட்டையின் நகலை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடலாம். ஊரும் அளவும் சேர்ந்த அந்தப் பட்டியல், இருப்பறையில் ‘இடம் தெரியவில்லை’ என்ற குறிப்போடு கிடக்கும் ஏதோ ஒரு மரக்காலுக்கு ஊரைத் தேடத் தொடங்க ஒரு துப்பாகவாவது இருக்கும்.